வலிக்காத கால்

என் கொழுந்தனின் பெண்டாட்டியைப் பார்த்து நான் பட்ட பொறாமையில் பாதி, அவள் காலைப் பார்த்துப் பட்டது. சொன்னால் சிரிப்பார்கள். நகையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், நிறத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம், கட்டியவன் தாங்குவதைப் பார்த்தும் பொறாமைப்படலாம். அந்த மூன்று பொறாமையும் எனக்கு இருந்தன, அது வேறு விஷயம். ஆனால் கும்பப்பூ போகத்து நெல் அறுவடை முடிந்து, அவித்த நெல்லை முற்றத்தில் கொட்டிக் காயவைக்கிற மாசி மாதத்து வெயிலில், எனக்கு அடிவயிறு எரிந்ததெல்லாம் அவளுடைய உள்ளங்காலை நினைத்துத்தான்.

தேசத்துக்கு விடுதலை கிடைத்த வருடம் எனக்குக் கல்யாணம். மற்றவர்களுக்கு மிட்டாய் கிடைத்தது, எனக்கு மாமியார் கிடைத்தாள். நாகர்கோவிலிலிருந்து வில்வண்டியில் போகிற தூரத்தில், வயலும் குளமுமாக ஒரு ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர். என்னைக் கட்டியவர் மூத்தவர், வயலைப் பார்த்துக்கொண்டார். தம்பி வடசேரிச் சந்தைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் வேலையாக இருந்தான். நான் போய் நாலைந்து வருடம் கழித்து அவனுக்குப் பெண் கட்டினார்கள். அதுவரை திட்டு வாங்குவதும் நான்தான், எப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வாங்குவதும் நான்தான். அவள் வந்த பிறகு திட்டு எனக்கும் நல்ல வார்த்தை அவளுக்குமாகப் பாகம் பிரிந்துவிட்டது.

அவள் மேற்கே, கல்குளம் பக்கத்துக்காரி. பேச்சே பாட்டு மாதிரி இழுத்து வரும். மாமியாருக்கு அந்த இழுவையைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். நான் அதே விஷயத்தை நேராகச் சொன்னால் "வாய்க்கொழுப்பு" என்பாள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். உள்ளே வைத்துப் புழுங்கினேன்.

நெல் துழாவுகிற வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவித்த நெல்லை ஆவி பறக்கக் காரை போட்ட முற்றத்தில் பரப்புவோம். அது ஒரே சீராகக் காய வேண்டுமானால் திரும்பத் திரும்பக் கிளறிவிட வேண்டும். கிளறுவது காலால். நெல்லுக்குள் இரண்டு காலையும் புதைத்து, தூக்காமல், தரையோடு தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கால் போகிற வழியெல்லாம் அடி நெல் மேலே வரும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, பிறகு திரும்பி வந்து அடுத்த சால். உச்சிவெயிலில் காரைத் தளம் கொதிக்கும். செருப்பு என்ற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்கும் செருப்பு இல்லை. இருந்தாலும் சோறாகப் போகிற நெல்லைச் செருப்புக் காலால் மிதிப்பதை மாமியார் உயிரோடு இருக்கும்போது யார் செய்வது?

என் குதிகாலில் பித்தவெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு நெல்லை நட்டு வைக்கலாம். நெல்லின் கூர்முனை அதற்குள் ஏறினால் மண்டை வரைக்கும் சுரீர் என்று இழுக்கும். போதாததற்கு இடது காலில் ஓர் ஆணி. சூடு ஒரு பக்கம், குத்தல் ஒரு பக்கம், பாதி முற்றம் போவதற்குள் நான் துள்ள ஆரம்பித்துவிடுவேன்.

"என்னத்துக்குட்டி இப்பிடித் துள்ளுத? நெல்லு துழாவச் சொன்னா கூத்தா ஆடுத?" என்று மாமியார் நிழலில் உட்கார்ந்துகொண்டு கத்துவாள். "அவளப் பாரு. அவளுக்கு மட்டும் வெயிலு இல்லியா? அவ நடந்தா நெல்லு சத்தங்காட்டாம கெடக்கு."

அவள் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நடப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. வியர்வை வழியும், அவ்வளவுதான். உச்சிவெயிலில் நான் ஒரு சால் போட்டுவிட்டு மாட்டுத்தொட்டியில் காலை நனைக்க ஓடினால், அவள் அடுத்த சாலில் பாதி போயிருப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "ஒங்க ரெண்டாவது மருமவ பொறுமைசாலி" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் மருமகள் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது அவர்கள் கண்ணில் படாது.

என் கால் வலியை நான் யாரிடமும் சொல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காலுன்னா வெடிக்கத்தான் செய்யும்" என்றார். மாமியாரிடம் சொன்னேன். வேப்பெண்ணெயும் மஞ்சளும் போடச் சொன்னாள், போட்டேன். ஆணிக்கு எருக்கம்பால் வைக்கச் சொன்னாள், வைத்தேன். சுற்றியிருந்த தோலும் சேர்ந்து வெந்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரி என்று ஒருநாள் வாயெடுத்தேன். "ஆணிக்காலுக்கு ஆஸ்பத்திரி போன மகராசிய இந்த ஊரு இன்னும் பாக்கல்ல" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்.

அந்த மாசியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் ஏதோ மருந்து தடவுகிறாள். மேற்கே வைத்தியர்களுக்குக் குறைவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஏதோ தைலம் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறாள், காலையில் தடவிக்கொண்டு வந்துதான் இந்தப் பெருமையெல்லாம் வாங்குகிறாள். எனக்கு ஒரு சொட்டுத் தந்தால் குறைந்தா போவாள்? அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது அந்தப் பக்கமாக எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். பெட்டியில் சேலையும் சாந்துக் குப்பியும் தவிர ஒன்றையும் காணோம். காலை எப்போது கழுவுகிறாள், எதில் துடைக்கிறாள், எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அவள் புருஷனுக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

ஒருநாள் நெல்லைக் கூட்டி அள்ளிவிட்டு, மேல் கழுவ இருவரும் குளத்துக்குப் போனோம். அவள் படியில் உட்கார்ந்து வலது காலைக் கல்லில் தேய்த்தாள். கால் நகர்ந்த இடத்தில் கல் ஈரமாக, லேசான சிவப்பாக இருந்தது.

"காலக் காட்டுட்டி" என்றேன்.

"ஒண்ணும் இல்ல அக்கா."

"காட்டுன்னேம்லா."

காலைத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்கிற இடத்தில் ஒரு குழி. கொட்டைப்பாக்கு ஒன்றை உள்ளே வைக்கலாம். சுற்றிலும் தோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. குழிக்குள்ளே ஒரு நெல், முழு நெல், அப்படியே பதிந்து கிடந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா, நெல்லு" என்று நகத்தால் நோண்டி எடுத்து வெளியே போட்டாள். பலாப்பழத்திலிருந்து கொட்டையை எடுத்துப் போடுகிற மாதிரி. அவள் முகம் மாறவே இல்லை.

"வலிக்கலியா?"

"இல்லியே. கொறச்சு நாளா இங்ஙனதான் கெடக்கு. சேத்துப்புண்ணாயிருக்கும்."

சேற்றுப்புண் எனக்குத் தெரியாததா? அது விரலிடுக்கில் வரும். அரிக்கும், எரியும், நாறும். நாற்று நடும்போது சொறிய முடியாமல் உயிரை வாங்கும். இது அது இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது பரிதாபம் இல்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்ற சந்தோஷம்தான் வந்தது. இவ்வளவு பெரிய புண்ணுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்? வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு நடிக்கிறாள். என்னைத் துள்ளுகிறவளாகவும் தன்னைப் பொறுமைசாலியாகவும் காட்டுவதற்காக இந்தக் குழியை வைத்துக்கொண்டு கொதிக்கிற முற்றத்தில் நடக்கிறாள். இவ்வளவு நெஞ்சழுத்தம் உள்ளவளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் சொன்னேன். புண்ணோடு நெல்லை மிதித்திருக்கிறாள், இனி பாருங்கள் நடக்கப் போவதை என்று காத்திருந்தேன். மாமியார் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு புண்ண வச்சுக்கிட்டா மக்கா எனக்கு நெல்லு துழாவுன?" என்று அவள் தலையைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, போய் கொஞ்சம் மஞ்சள அரைச்சு எடுத்துட்டு வா" என்றாள்.

மஞ்சளை நான் அரைத்த அரைப்பில் அம்மி இரண்டாகப் போயிருக்க வேண்டும்.

அரைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டரிடம் கொண்டுபோனால் தெரிந்துவிடும். மாமியார் மாதிரி டாக்டர் தலையைத் தடவ மாட்டார், ஊசியை எடுத்து ஒரு குத்துக் குத்துவார். அப்போது இவள் துள்ளுகிற துள்ளலை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கையோடு என் காலையும் காட்டிவிடலாம்.

கொழுந்தன் கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நான்தான் பரிமாறினேன். "தம்பி, அவ காலப் பாத்தீயளா? எனக்குப் பாத்ததும் கையும் காலும் ஓடல்ல. பச்ச மண்ணு, வாயத் தொறந்து வலின்னு சொல்லமாட்டா. நீங்க நாளைக்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேணும்னா தொணைக்கு நானும் வாறேன்" என்றேன். அவன் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான். "மைனிக்கு இவ மேல இவ்வளவு பிரியமா?" என்று அவன் நினைத்தது முகத்தில் தெரிந்தது. மாமியார் சேற்றுப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியா என்று முனகினாள். ஆனால் சொன்னது நான், போவது சின்னவள். முனகலோடு விட்டுவிட்டாள். எத்தனையோ தடவை நான் கேட்டுக் கிடைக்காத ஆஸ்பத்திரி, கேட்காமலே அவளுக்குக் கிடைத்தது.

வடசேரியில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவளுக்கு. கால் நீட்டி உட்கார வேண்டுமாம். கொழுந்தன் அவளுக்கு முதலில் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, "மைனி, ஒங்களுக்கு?" என்று கேட்டான். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாகத்தோடு மேற்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு முழுக்கக் கால்கள். யானைக்கால், கட்டுப்போட்ட கால், கரிந்த கால், நகம் பழுத்த கால். கொழுந்தன் வெளியே நின்றுகொண்டான். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். உள்ளே போனதும் நான் முந்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"யாருக்கு அசுகம்?"

"ரெண்டு பேருக்கும். எனக்குத்தான் வலி கூடுதல்."

டாக்டர் என் குதிகாலைப் பார்த்தார், ஆணியை ஒரு விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நல்லது" என்றார் டாக்டர்.

"என்னது நல்லது? உசுரு போவுது."

"வலிக்குதுல்லா, அதுதான் நல்லது. இதுக்கு நீங்க இங்க வரவேண்டாம். ராத்திரி இளஞ்சூட்டு வெந்நீர்ல உப்புப் போட்டுக் கால வச்சிருங்க. ஊறின பெறகு கல்லால பைய தேய்ச்சு, நல்லாத் தொடச்சு, தேங்காயெண்ண போடுங்க. ஆணிய யாரையும் அறுக்க விடப்பிடாது. எருக்கம்பால் தொடவேபிடாது. வெடிப்புல ரத்தம் வந்தா, செவந்து வீங்கினா, சீழு வச்சா, காய்ச்சல் அடிச்சா அப்ப வாங்க."

இவ்வளவு தூரம் வந்ததற்கு உப்புத் தண்ணீரா என்று எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மாத்திரைகூடத் தரவில்லை. இறங்கி ஓரமாக நின்றேன். சரி, இனி இவள் முறை, ஊசி எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டாக்டர் அவள் புண்ணைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே சேலையை விலக்கச் சொன்னார். அங்கே தேமல் மாதிரி வெளுத்த ஒரு திட்டு இருந்தது. அவளிடம், "கண்ண மூடிக்கிடுங்க. நான் தொடுற எடத்த விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார்.

பஞ்சைத் திரித்து முழங்காலில் தொட்டார். அவள் விரல் சரியாக அங்கே வந்தது. ஆடுதசையில் தொட்டார், காட்டினாள். கணுக்காலுக்கு மேல் அந்தத் திட்டில் தொட்டார். அவள் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் தொட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை லேசாகத் தூக்கி, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பஞ்சை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். நான் ஆசைப்பட்ட அதே ஊசி. பெருவிரலில் குத்தினார், குதிகாலில் குத்தினார், நடுப்பாதத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. எனக்கு வாயைத் திறந்து "அங்கதாம்ட்டி, அங்க, காட்டு" என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"இன்னும் தொடலியா?" என்று கேட்டாள் அவள்.

நடிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கால் அங்கே இருப்பதே தெரியவில்லை. நான் இத்தனை நாள் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. புரிந்தவுடன் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. டாக்டர் அவள் தோளில் கை வைத்துப் பேசிய விதம் என்னிடம் பேசிய விதமில்லை, அதுவும் என் கண்ணில் பட்டது.

கதவைச் சாத்திவிட்டு, கொழுந்தனையும் உள்ளே கூப்பிட்டு, டாக்டர் அந்த வியாதியின் பெயரைச் சொன்னார். குஷ்டத்தின் ஆரம்பம். நரம்பைப் பிடித்திருக்கிறது. இப்போது நல்ல மாத்திரை வந்திருக்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும். இந்த வகை மற்றவர்களுக்குத் தொற்றாது, வீட்டை விட்டு ஒதுக்க வேண்டாம். அந்தக் கால் மரத்தது மரத்ததுதான், ஆனால் காலைக் காப்பாற்றிவிடலாம். புண் ஆறும்வரை நடக்கக் கூடாது. வெயிலில் நெல் துழாவுவது இனி ஆயுசுக்கும் கிடையாது. மெத்தென்ற செருப்பு இல்லாமல் கால் தரையில் படக் கூடாது.

"அந்த அம்மாவுக்க காலு வலிச்சாக் கத்தும்" என்று என்னைக் காட்டினார். "இந்தக் காலு கத்தாது. அதனால தெனமும் சாயங்காலம் யாராவது இத எடுத்துப் பாக்கணும். செவப்பு, சூடு, கொப்புளம், முள்ளு, எது இருந்தாலும் அன்னைக்கே வரணும். வலிக்கட்டும் பாக்கலாம்னு இருந்தா வலி வராது, காலுதான் போகும்."

கொழுந்தன் அழுதான். ஆம்பிளை, பெண்டாட்டிக்காக ஆஸ்பத்திரியில் நின்று அழுதான். அவளை விட்டுவிடுவான் என்று ஒரு நொடி நினைத்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டான். என் வீட்டுக்காரராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் அந்த வியாதியின் பெயர் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு வண்டி கட்டுவார்கள். அங்கே தோட்டத்துக் கடைசியில் ஒரு ஓலைக்குடிசை போடுவார்கள். சாப்பாடு தூரத்தில் வைக்கப்படும். கல்யாணத்துக்கு நிற்கிற அவள் தங்கைக்கு மாப்பிள்ளை வர மாட்டான். மருந்து இருக்கிறது, தொற்றாது என்றெல்லாம் டாக்டர் சொன்னதை என் மாமியாரிடம் போய் யார் சொல்வது?

"அக்கா, அத்தைக்கிட்ட சொல்லுவியளா?" என்று கேட்டாள். கெஞ்சவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சொல்வதா வேண்டாமா என்று வடசேரி வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சொன்னால் போதும், திட்டும் நல்ல வார்த்தையும் மறுபடி எனக்கே. ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனியில் இருந்தது, அதை வைத்துக்கொண்டிருப்பதில் ஒரு ருசியும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வாசலிலேயே மாமியார் நின்றாள். "என்ன சொன்னா டாக்டரு?"

அவன் என்னைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"காலுல எப்பமோ கண்ணாடிச் சில்லு ஏறி, உள்ள கெடந்து நரம்ப அறுத்துட்டாம் அத்தை" என்றேன். "ஆறது வரைக்கும் நடக்கப்பிடாது. வெயில்ல நெல்லு துழாவ விடவே பிடாதுன்னு டாக்டரு கண்டிப்பாச் சொல்லிட்டா. மெதுவான செருப்புப் போடணுமாம், இல்லேன்னா காலையே எடுக்கணுமாம்."

நல்லவள் என்பதால் சொன்னேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளை ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது உண்மை. ஆனால் நேராக நின்று ஜெயிக்க வேண்டும். ஒரு வியாதி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய், காலியான இடத்தில் நான் உட்கார்ந்தால் அது என்ன ஜெயம்? அந்தக் கோபத்தில் சொன்ன பொய் அது. மாமியார் சாகும்வரை அந்தக் கண்ணாடிச் சில்லை நம்பினாள்.

பொய்யின் பலன் எனக்கு உடனே கிடைத்தது. முற்றம் முழுவதும் என் தலையில். உச்சிவெயிலில் நான் ஒருத்தியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுபட, அவள் உள்ளே காலை நீட்டிக்கொண்டு உளுந்து பொறுக்கினாள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது அவள் புருஷன். கஞ்சியைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது மாமியார். "என்ன இருந்தாலும் அவ துழாவுன நெல்லு மாரி வரல்ல" என்று என் காதில் விழவே சொல்வாள்.

பிறகு செருப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன அளவுக்கு, அடியில் டயரும் மேலே மெத்தென்ற ரப்பருமாகக் கொழுந்தன் வடசேரியில் செய்வித்துக்கொண்டு வந்தான். படியேறிச் செருப்பு வரக் கூடாது என்று மகன்களையே விரட்டுகிற மாமியார், "பாத்து மக்கா, வெளிய கல்லு கெடக்கும்" என்று அதைத் தன் கையாலேயே எடுத்து அவள் காலருகே வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான். நான் டாக்டர் சொன்னபடி தினமும் உப்பு வெந்நீரில் காலை ஊறவைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வெடிப்பெல்லாம் மூடி, என் குதிகால் பார்க்க நன்றாகவே ஆகியிருந்தது. அந்த வீட்டில் ஒருவர், ஒரே ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

புண் ஆற நாளாயிற்று. ஆறியது. கட்டைப் பிரித்த அன்று டாக்டர் திரும்பவும் அதைக் கேட்டு அனுப்பினாராம், தினமும் யார் பார்ப்பது என்று. தானே பார்ப்பதாகக் கொழுந்தன் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் பார்க்கிற லட்சணத்தை நான் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். காலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்றான்.

மறுநாள் சாயங்காலம் நான் அடுக்களைப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது காலை நீட்டினாள்.

"நீங்க பாருங்க அக்கா."

"அவரு பாக்காருல்லா?"

"அவரு பாத்தா ஒண்ணும் தெரியாது. அத்தை பாத்தாலும் தெரியாது. அவியளுக்கு நான் எப்பவும் நல்லாத்தான் இருப்பேன்." காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "எனக்கக் கிட்ட குத்தம் கண்டுபிடிக்க இந்த வீட்டுல ஒங்கள விட்டா ஆளு இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இழுத்து, பாட்டு மாதிரி. பெட்டியைத் திறக்கும்போது நான் வந்து நின்றது, குளத்துப் படியில் நான் பார்த்தது, அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் காலை மடியில் எடுத்தேன். குதிகாலைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். ஆறிய வடுவைப் பார்த்தேன். புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். விரல்களை விரித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை.

"ஒண்ணும் இல்லட்டி" என்றேன்.

அவள் காலை எடுக்கவில்லை. சிரிப்பு எப்போதோ போயிருந்தது. "நல்லாப் பாத்தியளா அக்கா?" என்றாள். அந்தக் குரலில் பயம் இருந்தது. கொதிக்கிற முற்றத்தில் ஒருநாளும் அவள் முகத்தில் நான் பார்க்காத பயம்.

வெளிச்சத்தின் பக்கம் காலைத் திருப்பிப் பிடித்து, சுண்டுவிரலிலிருந்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தேன்.